திருகோணமலையில் ஒரு பேய்வேட்டைக்காரி: இளையோர் நாவல் எழுதும் முறை

பதின்வயதுப் பிள்ளை ஒன்று இரவில் பேய் வேட்டைக்குப் போகிறது, காலையில் வெள்ளைச் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறது. இந்த வகைக் கதையின் சுவை முழுவதும் அந்த இரண்டு வாழ்க்கையும் ஒரே ஊரில் நடப்பதில் இருக்கிறது. ஊர் பொய்யானால் பேயும் பொய்யாகிவிடும். பெயரில்லாத மாநகரத்தில், மழை நனைத்த சந்தில், நீளக் கறுப்பு அங்கியோடு நிற்கும் வேட்டைக்காரனைத் தமிழில் எழுதினால் அது இரவல் கதையாகவே நிற்கும். திருகோணமலையில் எழுதுவதென்றால் பேய்க்குரிய சட்டங்களை இந்த ஊரின் கல்லிலும் கடலிலும் இருந்து எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

உதாரணத்துக்கு ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வோம். தாரணி, வயது 16, வீடு திருக்கடலூர், ஓ.எல் எனும் சாதாரண தரப் பொதுப் பரீட்சை நெருங்குகிறது. தகப்பன் கடல் தொழில். வீட்டில் அம்மம்மா இருக்கிறா.

முதலில் வரைபடம், பிறகு கதை

ஒரு தாளை நாலு நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் இடம். இரண்டாவதில் தாரணியின் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். மூன்றாவதில் எதில் போகலாம்: சைக்கிள், பஸ், ஓட்டோ, வள்ளம். நாலாவதில் ஒரு பெண்பிள்ளை அங்கே எத்தனை மணிவரை ஒருவரும் கேள்வி கேட்காமல் நிற்கலாம். கதையை ஓட்டுவது இந்த நாலாவது நிரல்தான்.

கோணேசர் கோயில் சுவாமி மலையில், பிரெட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. எனவே நள்ளிரவில் மதில் ஏறிக் கோயிலுக்குள் குதித்தாள் என்று எழுத முடியாது. டொக்யார்ட் பக்கம் கடற்படை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. பல காட்டுக்குள் நிற்கின்றன. பேய் ஒளிய அருமையான இடம், ஆனால் காவலும் யானை நடமாட்டமும் உண்டு. இந்தத் தடைகளைக் கதைக்கு இடைஞ்சல் என்று தட்டிவிடாதீர்கள். பகலில் கோயிலுக்குப் போகும் சனத்தோடு சனமாக அவள் கோட்டைக்குள் போக வேண்டியிருக்கிறது என்றால், பூசைத் தட்டுக்குள் எதை ஒளித்துக்கொண்டு போவாள் என்ற நல்ல கேள்வி உடனே பிறக்கிறது.

நேரக் கணக்கும் அப்படித்தான். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். ரியூசன் இரண்டு மணித்தியாலம். அதைக் கட் அடித்துப் போகிறாள் என்றால் கன்னியாவில் அவளுக்குக் கிடைப்பது 40 நிமிடம் மட்டுமே. சைக்கிளுக்குக் காற்றுப் போனால் அதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள் கொடுத்து இதைத் தீர்க்கப் பார்ப்பார்கள். 18 வயதுக்கு முன் அனுமதிப்பத்திரம் கிடையாது, வழியில் பொலிஸ் மறித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். கிண்ணியாப் பக்கம் போகிற காட்சியில் பாலம் வருகிறது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலத்தை அம்மம்மா சொல்வதானால் அங்கே பாதை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை, ஓட வேண்டும்.

வானமும் கடலும் சொல்வதை மீறாதீர்கள்

இந்த வகைக் கையெழுத்துப் படிகளில் அடிக்கடி வரும் மூன்று பிழைகள் உண்டு.

ஒன்று, கடலுக்குள் சூரியன் மறைவது. நகரம் கிழக்குப் பார்த்தது. பெருங்கடலில் சூரியன் உதிக்கும். மறையும்போது நிலத்துப் பக்கம், உட்துறைமுகத்துக்கு அப்பால் மறையும். ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடும், அரை மணித்தியாலத்துக்குள் நல்ல இருட்டு. மேல்நாட்டுக் கதைகளில் வருகிற நீண்ட அந்தி இங்கே இல்லை. உங்கள் பேய் மைம்மலில் மட்டும் வெளிவரும் என்று விதித்தால் தாரணிக்கு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அது நல்ல இறுக்கமான விதி, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, கடல் வற்றிக் குகை வாசல் திறப்பது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பாதை திறக்கிற அளவுக்குக் கடல் பின்வாங்கினால், 2004 டிசெம்பர் 26 ஐக் கண்ட எவரும் மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். அந்த நினைவு உங்கள் பாத்திரங்களுக்கும் இருக்க வேண்டும்.

மூன்று, நிலா. முழுநிலவு சூரியன் மறைகிற நேரத்தோடு கடலிலிருந்து எழும்பும். அடுத்தடுத்த நாட்களில் சராசரியாக 50 நிமிடம் பிந்திப் பிந்தி வரும். பூரணை கழிந்து நாலாம் நாள் இரவு ஏழு மணிக்குத் தாரணி இருட்டில் போகிறாளா நிலவில் போகிறாளா என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். பூரணை என்றால் போயா விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை. பேய்க் கதைக்கு இதைவிட வசதியான நாட்காட்டி எந்த நாட்டுக்கும் வாய்க்காது.

எனவே கதை நடக்கிற ஆண்டை முதலிலேயே தீர்மானித்து, அந்த ஆண்டின் கலண்டரை மேசையில் வையுங்கள். வாடைக் காலத்தில், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, கடல் அடிக்கும், கரைவலை இல்லை, வீட்டில் காசும் குறைவு. மாசியில் சிவராத்திரி. ஊர் முழுக்க விழித்திருக்கிற அந்த ஒரு இரவில் ஒரு பெண்பிள்ளை விடியும்வரை வெளியே நிற்பதைத் தாய் தகப்பனே ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் பெரிய காட்சிகளில் ஒன்றுக்கு அந்த இரவை ஒதுக்குங்கள். ஓ.எல் திகதி அண்மை ஆண்டுகளில் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த ஆண்டில் அது எந்த மாதம் என்று பார்த்து, வேட்டையை அதன்மேல் மோதவிடுங்கள்.

பேயின் சட்டம்

பேயின் தோற்றத்தை எழுதுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் நாலு கேள்விக்கு ஒவ்வொரு வசனத்தில் பதில் எழுதுங்கள். எங்கிருந்து வருகிறது? எதை எடுக்கிறது? எதைக் கடக்க முடியாது? போன பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது? நாலுக்கும் பதில் ஊருக்குள்ளிருந்து வரும்வரை முதல் அதிகாரத்தைத் தொடாதீர்கள்.

ஒரு மாதிரி செய்து பார்ப்போம். துறைமுக வாய்க்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. கரைக்குக் கிட்டவே ஆழம் விழுவதால்தான் திமிங்கிலங்கள் இவ்வளவு அருகில் வருகின்றன. பேய் அங்கிருந்து வருகிறது. அது குரலை எடுக்கிறது: இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடும், பதில் சொன்னவர் காலையில் பேச்சில்லாமல் எழும்புவார். ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் எடுக்கலாம். பழைய கோயிற் கல்லைக் கடக்க முடியாது.

கடைசி விதியில்தான் இந்த ஊரின் வளம் இருக்கிறது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். சில கற்கள் கடலுக்குள் போயின. 1956 இல் சுழியோடி மைக் வில்சன், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் குழுவினர் சுவாமி மலை அடிவாரக் கடலில் சுழியோடிக் கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். ஆகவே உங்கள் கதையில் ஊரின் காவல் ஒரே இடத்தில் இல்லை. கோட்டை மதிலில் கொஞ்சம், கடலடியில் கொஞ்சம், மிச்சம் எங்கே என்பது புதிர். கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் சின்னத்தோடு சிதைந்த எழுத்துப் பொறித்த கல் ஒன்று உண்டு. அதோடு சேர்த்து ஊரில் வழங்கும் வெண்பா, குளக்கோட்டன் என்ற மன்னனின் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்றும் அவனுக்குப் பின் யார் யார் ஆள்வார்கள் என்றும் கண்ணின் நிறத்தை வைத்துச் சொல்கிறது. தீர்க்கதரிசனம் ஒன்றை நீங்கள் புதிதாகப் புனைய வேண்டியதில்லை. வாசகர் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய கல்லாகவே அது நிற்கிறது. கற்பனைக் கற்களை மட்டும் உண்மையான ஒருவருடைய வீட்டு அத்திவாரத்திலோ உண்மையான பள்ளிவாசலிலோ விகாரையிலோ வைக்காதீர்கள். கற்பனைத் தெரு ஒன்றை உண்டாக்கி அங்கே வையுங்கள்.

சட்டம் எழுதியதும் அதைச் சோதியுங்கள். பேய் சட்டத்தை மீறினால்தான் நடக்கக்கூடிய காட்சி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் காட்சியை வெட்டுங்கள், சட்டத்தைத் தளர்த்தாதீர்கள். பதினாலு வயது வாசகர்கள் இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடக் கடுமையானவர்கள். எட்டாம் அதிகாரத்தில் கல்லைத் தாண்ட முடியாமல் நின்ற பேய் இருபதாம் அதிகாரத்தில் தாண்டினால் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

எதைப் பேயாக்கக் கூடாது

இராவணனைக் கடைசி அதிகாரத்தில் அரக்கனாக எழுப்புவது பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. வேண்டாம். இங்கே அவன் சிவபக்தன். மலைப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். கன்னியாவின் ஏழு கிணறுகளும் தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இன்றும் சனம் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறது. துக்கத்தோடு வருகிறவர்களின் இடத்தில் சண்டைக் காட்சி வைப்பதானால் நேரத்தையும் தொனியையும் மிகக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள்.

சுனாமியில் போனவர்களையும் யுத்தத்தில் காணாமல் போனவர்களையும் அலையும் ஆவிகளாக ஆக்காதீர்கள். அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார் உயிரோடு இருக்கிறார்கள். யுத்தத்தைக் கதையிலிருந்து ஒளிக்கச் சொல்லவில்லை. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு யுத்தம் என்பது பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடும் பேச்சு. அம்மம்மா ஒரு குறிப்பிட்ட கடற்கரையைப் பற்றிக் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போகிறா. காரணம் பேயா, வேறொன்றா என்று தாரணிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைக் கடைசிவரை மதித்து நடத்தினால் நாவல் கனம் பெறும்.

மூன்று சமூகங்களும் பேயைத் தத்தம் முறையில் எதிர்கொள்கின்றன. தமிழரிடம் வைரவர் மடை, கழிப்பு, நூல் கட்டுதல், பார்வை பார்த்தல். முஸ்லிம்களிடம் ஜின், தண்ணீர் ஓதிக் கொடுத்தல். சிங்களவரிடம் யக்கு எனும் பேய்கள், தொவில் எனும் பேயோட்டும் சடங்கு. இவற்றில் ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் போலியென்றும் காட்டும் கதை இந்த ஊருக்குத் தீங்கு செய்யும். மூன்றும் ஒரே விலங்கின் வேறு வேறு அடித்தடங்களைப் பார்த்தவை என்று வையுங்கள். கிண்ணியாவிலிருந்து வரும் சிநேகிதி தன் உம்மம்மாவிடம் கேட்டது தாரணியின் குறிப்பில் இல்லாத துண்டாக இருக்கட்டும். உண்மையான மந்திரம், ஓதல் எதையும் அப்படியே அச்சிடாதீர்கள். சடங்கின் ஒழுங்கை எழுதலாம். சொற்களை வாசகர் கேட்காத தூரத்தில் வைத்தால் பயமும் கூடும்.

கையில் என்ன, விலை என்ன

ஆயுதம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை வேண்டும். தாரணிக்கு: தூண்டில் ஈயக் குண்டுகள் கோத்த கறுப்பு நூல் (ஒரு முறை கட்டினால் மறுபடி பயன்படாது), காய்ந்த வேப்பிலையும் சாம்பிராணியும் (காற்றுப் பக்கம் தெரியாமல் போட்டால் புகை தன் முகத்துக்கே வரும்), ஒரு கைப்பிடி அளவான கோயிற் கல் (அதை வைத்திருந்தால் பேயும் கிட்ட வராது, பிடிக்கவும் முடியாது). மூன்றாவதுதான் சிறந்த ஆயுதம், ஏனென்றால் வேட்டையாட வேண்டுமானால் காவலை அவளே கீழே வைக்க வேண்டும்.

ஒவ்வொரு வெற்றிக்கும் அவள் எதையாவது இழக்க வேண்டும், அந்த இழப்பு அடுத்த அதிகாரத்திலும் தொடர வேண்டும். காயம் மூன்று நாளில் ஆறிவிடும், அது போதாது. கணிதப் பாடத்தின் ஒரு அலகு முழுவதும் விட்டுப்போனது, சிநேகிதி பேசாமல் விட்டது, அம்மம்மாவிடம் சொன்ன பொய் இன்னொரு பொய்யைக் கேட்பது, இவைதான் நிற்கும்.

வீடும் பேச்சும்

தாய் தகப்பனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் தனியே விடுவது சோம்பல். வீடு நிறைய ஆட்கள் இருக்கட்டும். பேயிடம் தப்பிய பிள்ளை வாசலில் பிடிபட வேண்டும்.

எடுத்துரைப்பு பொதுத் தமிழில் இருக்கலாம். உரையாடல் இந்த மண்ணின் பேச்சாக இருக்க வேண்டும். சினிமாத் தமிழ் ஒரு வரி நுழைந்தாலும் உள்ளூர் வாசகருக்குக் காதில் இடிக்கும்.

“எங்க போட்டு வாறாய்?”

“ரியூசன், அம்மம்மா.”

“ரியூசன் விட்டு ஒரு மணித்தியாலமாச்சு. மாஸ்டர் இந்த வழியாலதான் போனவர்.”

“சைக்கிள் காத்துப் போட்டுது.”

“ஓம். காத்துப் போனா சில்லில சேறு வருமோ?”

இதில் பேய் இல்லை, ஆனாலும் வாசகர் மூச்சைப் பிடித்திருப்பார். இப்படி ஒரு காட்சி மூன்று அதிகாரத்துக்கு ஒன்றாவது வரட்டும். அயலில் உள்ள பெரியவர்களை அவள் மாமா, அண்ணை, அக்கா, ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். குருவாக வருகிற முதிய சம்மாட்டியை (வலையும் வள்ளமும் வைத்துத் தொழில் நடத்துபவர்) பேர் சொல்லிக் கூப்பிட வைத்துவிடாதீர்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பேச்சு வேறு. அதை அங்குள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.

அளவும் அடுக்கும்

இந்த வகை நாவலுக்குத் தமிழில் 45,000 முதல் 51,000 சொல் போதும். 30 அதிகாரம், அதிகாரத்துக்கு 1,500 முதல் 1,700 சொல். முதல் அதிகாரத்தின் முதல் 300 சொல்லுக்குள் ஒரு இயல்பு மீறிய விஷயம் நடந்துவிட வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும்: கோட்டைப் பக்கப் புள்ளிமான்கள் ஒன்றும் மேயாமல் எல்லாம் ஒரே திசையில் வாலைத் தூக்கி நிற்கின்றன. விதிகளை மூன்றாம், ஐந்தாம், எட்டாம் அதிகாரங்களில் பிரித்து விடுங்கள். ஒரு முதியவர் ஒரே மூச்சில் விளக்கும் அதிகாரம் இருந்தால் அதை உடைத்து, பாதியைத் தாரணி பிழையாக ஊகிக்கும்படி மாற்றுங்கள்.

கதை சரிவது அனேகமாக 13 ஆம், 18 ஆம் அதிகாரங்களுக்கு இடையில். காரணம் ஒன்றுதான்: ஒரே அளவான பேய்ச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. இன்னும் பெரிய பேயைக் கொண்டுவந்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அந்த இடத்தில் அவள் வீட்டில் ஒருவருடைய குரல் போகட்டும். அம்மம்மாவின் குரல் போனால், மறைத்து வைத்திருந்த பேச்சும் அதோடு போகிறது. இனி வேட்டைக்குக் காரணம் மாறிவிட்டது.

இறுதி வேட்டை

முடிவு, பேயின் சட்டத்திலிருந்தே விளைய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குரல் என்று விதித்தோம். ஒரே நேரத்தில் நாற்பது குரல் எழும் இடம் இந்தக் கரையில் எது? கையால் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா.

முறையைச் சரியாக எழுதுங்கள். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் அரைவட்டமாகப் போய் வலையை வளைத்து, மற்றக் கயிற்றைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு அணி இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மீன் சேரும் பையான மடி கடைசியில்தான் கரையேறும். தொழில் மாசி, பங்குனிக்குப் பிறகு கடல் அடங்கியதும்தான், எனவே இறுதிக் காட்சியை மார்கழியில் வைக்க முடியாது. அண்மைக் காலத்தில் பல இடங்களில் கயிற்றை இழுக்க உழவு இயந்திரம் வந்துவிட்டது, அம்பா தெரிந்தவர்கள் முதியவர்கள். ஆகவே தாரணிக்கு 20 ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வேலை இருக்கிறது: பாட்டைத் தேடிச் சேர்ப்பது, பாடத் தெரிந்தவர்களை ஒரு இரவுக்கு ஒன்றாக்குவது, அதில் பேசாமல் விட்ட சிநேகிதியின் வாப்பாவிடமும் போய் நிற்பது.

இழுவையை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதலில் கயிறு இலகுவாக வருகிறது, வசனங்கள் நீளமாகப் போகலாம். பிறகு பாரம் ஏறுகிறது. குரல்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்குகின்றன, ஆனால் பேய் ஒன்றை எடுக்கும் நேரத்துக்குள் மற்றவர்கள் பாட்டைத் தூக்கிக்கொள்கிறார்கள். வசனத்தைக் குறுக்குங்கள். மூன்றாவதில் மடி அலைவாய்க்கு வந்துவிட்டது, பாரம் நின்றுவிட்டது, கோயிற் கல் தாரணியிடம் இருப்பதால் பேய் கரையேற மறுக்கிறது. அவள் கல்லைக் கீழே வைக்க வேண்டும். அவள் பெயர் கூப்பிடப்படும். பதில் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பேய் வாயைத் திறப்பது அப்போது மட்டும்தான். இதற்குரிய வித்தை மூன்றாம் அதிகாரத்திலும் பதினோராம் அதிகாரத்திலும் இரண்டு வரியாக ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போய் இப்போது நடுங்கள்.

திருத்தம்

முதல் படியை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள்: கடல் தொழில் தெரிந்த ஒருவர், 13 முதல் 16 வயதுக்குள் ஒரு பிள்ளை, உங்கள் சமூகத்தைச் சேராத ஊரவர் ஒருவர். பிடித்ததா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் போனைக் கையில் எடுத்தீர்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். எந்த வரியில் இது எங்கள் ஊர் இல்லை என்று தோன்றியது என்று மற்ற இருவரிடமும் கேளுங்கள். பக்க எண்ணைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தைக் குறித்திருந்தால் அந்த அதிகாரத்தை ஒட்டுப்போடாமல் முதலிலிருந்து எழுதுங்கள். உரையாடல் முழுவதையும் ஒரு முறை சத்தமாக வாசித்து முடித்த பிறகே பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். முதல் மூன்று அதிகாரமும், முடிவையும் மறைக்காமல் சொல்லும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் இணைத்தால் போதும்.